கோழி மருந்தைக் குட்டையில் ஊற்றிவிட்டேன், மீனை எப்போது பிடிக்கலாம்?

கருப்பூர் குட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் கருப்பூர் பக்கம் எங்கள் காட்டில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், தார்ப்பாய் போடாத மண் குட்டை, போர்வெல் தண்ணீர். தை மாதத்தில் கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கலந்து 1000 குஞ்சு விட்டேன். இப்போது 800 மீனாவது இருக்கும், ஒவ்வொன்றும் அரைக்கிலோ வந்துவிட்டது.

பத்து நாள் முன்னால் ஆரம்பித்தது. விடியற்காலையில் போனால் மீன் எல்லாம் தண்ணீர் விழும் குழாய் பக்கமே கூடி நிற்கிறது, சிலது கரையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திடீரென்று துள்ளுகிறது. வயிற்றுப் பக்கம் சிவப்புப் புள்ளி. செத்து மிதந்த ஒன்றிரண்டில் வயிறு வீங்கி, செதில் எல்லாம் அன்னாசிப் பழத் தோல் மாதிரி நிமிர்ந்து நின்றது. நாளுக்கு ஐந்தாறு சாக ஆரம்பித்ததும் பயந்துபோய், கோழிப்பண்ணைக்கு மருந்து விற்கும் ஒரு கடையில் கேட்டேன். 10 சதவீத என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு லிட்டர் கேன் கொடுத்தார்கள். "கோழிக்குத் தண்ணீரில்தானே கலக்குகிறோம், மீன் தண்ணீரிலேயே இருக்கிறது, அப்படியே ஊற்றிவிடுங்கள், 7 நாள் கழித்துப் பிடிக்கலாம்" என்றார்கள். ஊற்றி இன்றோடு நாலு நாள். சாவு இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது.

இப்போது பிரச்சினை இதுதான். புரட்டாசி பிறக்க 12 நாள் இருக்கிறது. அதற்குள் பிடித்தால்தான் வியாபாரி எடுப்பார், அப்புறம் ஒரு மாதம் ஊரில் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள். 7 நாள் கணக்கு மீனுக்கும் சரியா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் இந்த மீனைத்தான் சாப்பிடுவார்கள், அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டூர்க்காரி எழுதியது:

அண்ணா, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏழாம் நாள் பிடிக்காதீர்கள். புரட்டாசிக்கு முன்னாலும் வேண்டாம். நான் மீன்வளம் படித்தவள், இப்போது மீன் தீவனத் தொழிலில் இருக்கிறேன், இந்தக் கோழி மருந்து விஷயத்தை மாதம் ஒரு முறையாவது யாராவது கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோழி தாகம் எடுத்துக் குடிக்கும். வெயில் ஏறினால் இன்னும் நிறையக் குடிக்கும், மருந்தும் குடலுக்குள் போகும். ஆனால் நல்ல தண்ணீர் மீன் தண்ணீரே குடிப்பதில்லை என்று சொல்லலாம். அதன் ரத்தத்தில் உள்ள உப்பு சுற்றியிருக்கும் தண்ணீரைவிட அதிகம், அதனால் தண்ணீர் தானாகவே செவுள் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். வந்ததை வெளியேற்றுவதுதான் அதற்கு வேலை, நாள் முழுக்க நீர்த்த சிறுநீராக விட்டுக்கொண்டே இருக்கும். கடல் மீன்தான் தண்ணீர் குடிக்கும். ஆக நீங்கள் குட்டையில் ஊற்றிய மருந்து உள்ளே போக முக்கியமான வாசல் செவுள் ஒன்றுதான், தோல் வழியாகக் கொஞ்சம் போகலாம்.

சரி, அந்த வாசலில் எவ்வளவு மருந்து வந்து நின்றது? உங்கள் குட்டையில் 30 பெருக்கல் 30 பெருக்கல் ஒன்றரை, 1350 கன மீட்டர், அதாவது பதிமூன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர். 10 சதவீத மருந்து ஒரு லிட்டரில் 100 கிராம் மருந்து. பிரித்துப் பார்த்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.07 மில்லிகிராம்தான். அதிலும் உங்கள் ஊர் கருப்பூர். வெள்ளைக்கல் வெட்டும் மண் அது, வெள்ளைக்கல் என்பதே மெக்னீசியம் கார்பனேட்தான். அந்தப் பாறை வழியாக வரும் போர்வெல் தண்ணீரில் மெக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் எப்படியும் நிறைய இருக்கும், உங்கள் வீட்டில் பருப்பு வேக நேரம் ஆகுமே, அந்தத் தண்ணீர்தான். என்ரோஃப்ளாக்சசின் வகையும் சரி, டெட்ராசைக்ளின் வகையும் சரி, இந்த இரண்டு உலோகத்தையும் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மருந்து செவுளின் மெல்லிய சவ்வைத் தாண்டுவது கஷ்டம். அதனால் மீனுக்குள் போனது கொஞ்சம், தண்ணீரிலும் சேற்றிலும் தங்கியது மீதி எல்லாம்.

இதையே தீவனத்தில் கலந்திருந்தால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் குட்டையில் இருப்பது மொத்தம் 400 கிலோ மீன். பல நாடுகளில் மீனுக்கென்று அனுமதி உள்ள ஃப்ளோர்ஃபெனிகால் மாதிரி மருந்துக்கு வழக்கமான அளவு, ஒரு கிலோ மீனுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், 10 நாள். நாளுக்கு 4 கிராம், பத்து நாளைக்கும் சேர்த்து 40 கிராம். நீங்கள் ஒரே சாயங்காலம் 100 கிராம் ஊற்றிவிட்டீர்கள், அதில் மீனுக்குப் போய்ச் சேர்ந்தது என்னவோ சொற்பம்.

சாவு குறைந்ததற்கு மருந்துதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நலிந்த மீன் எல்லாம் முதலிலேயே செத்திருக்கலாம், மருந்து ஊற்றியபோது புதுத் தண்ணீரும் விட்டிருப்பீர்கள், அதுவும் இருக்கலாம்.

"கொஞ்சம்தானே போயிருக்கிறது, அப்போ சாப்பிடலாமே" என்று கேட்பீர்கள். அங்கேதான் மருந்து எப்படி வெளியே போகிறது என்பது வருகிறது. இரவு எழுதுகிறேன், தீவன லாரி வந்து நிற்கிறது.

கருப்பூர் குட்டை எழுதியது:

தங்கச்சி, ரொம்ப நன்றி. மீன் தண்ணீர் குடிக்காது என்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. ஆமாம், அன்றைக்கு ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியது, புதுத் தண்ணீர் விட்டேன். எங்கள் தண்ணீரில் குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்துவிடும், மாதம் ஒரு தடவை சுரண்ட வேண்டும், நீங்கள் சொன்னது சரிதான்.

பக்கத்துக் காட்டுக்காரர் போன வருடம் டெர்ராமைசின் பொடியைத் தவிட்டில் கலந்து போட்டார், ஒன்றும் ஆகவில்லை, 10 நாளில் பிடித்து விற்றார் என்கிறார். அந்த மருந்து பரவாயில்லையா? என் மீன் இப்போது நன்றாகத்தான் நீந்துகிறது, பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

மேட்டூர்க்காரி எழுதியது:

அண்ணா, மருந்து உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது மீனைப் பார்த்தால் தெரியவே தெரியாது. துள்ளிக்கொண்டிருக்கும் மீனில்கூட இருக்கும்.

மருந்து வெளியே போகும் வழிகள்: செவுள், சிறுநீரகம், கல்லீரல். செவுள் வழியாகச் சின்ன மூலக்கூறுகள், கொழுப்பில் கரையக்கூடியவை எளிதாகத் தண்ணீருக்குத் திரும்பிவிடும். சிறுநீரகத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள், மீன் கழுவும்போது வயிற்றைத் திறந்தால் முதுகெலும்பை ஒட்டி உள்பக்கமாகக் கருஞ்சிவப்பில் ஒரு பட்டை ஓடுமே, ரத்தக்கட்டி என்று நகத்தால் சுரண்டி எறிவோமே, அதுதான். மருந்து கொடுத்த மீனில் அந்தப் பட்டையிலும் கல்லீரலிலும் சதையைவிட அதிகமாக மருந்து தங்கியிருக்கும். கல்லீரல் தன் பங்கைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பும், குடலுக்கு வந்ததில் ஒரு பகுதி திரும்பவும் ரத்தத்துக்கே உறிஞ்சப்படும், மறுபடி கல்லீரல், மறுபடி பித்தம். இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் சில மருந்துகள் நாம் நினைப்பதைவிட நாள் கடத்துகின்றன. என்ரோஃப்ளாக்சசின் மீனில் மெதுவாகக் கழியும் வகை. உடம்புக்குள் அதில் ஒரு பங்கு சிப்ரோஃப்ளாக்சசினாகவும் மாறும், ஆமாம், நமக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் அதே மாத்திரை. ஐரோப்பாவில் மீன் சதையில் இந்த இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் வரம்பு.

அரை ஆயுள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறதோ அது. 100 இருந்தால் ஒரு அரை ஆயுளில் 50, அடுத்ததில் 25, அப்புறம் பன்னிரண்டரை. பத்து முறை பாதியானால்தான் 100 என்பது கிட்டத்தட்ட 0.1-க்கு வரும். முதல் இரண்டு மூன்று நாளில் வேகமாக இறங்கும், கடைசித் துளிதான் இழுத்துக்கொண்டே போகும். சட்டம் பார்ப்பது அந்தக் கடைசித் துளியைத்தான்.

இப்போது சூடு. கோழியின் உடம்பு எப்போதும் 41 டிகிரி பக்கம் இருக்கும், மார்கழியானாலும் சித்திரையானாலும் ஒன்றுதான். மீனுக்கு அப்படிக் கிடையாது, தண்ணீர் என்ன சூடோ உடம்பும் அந்தச் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் கல்லீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் எல்லாமே மெதுவாகும், மருந்தும் அதற்கேற்ப மெதுவாகத்தான் போகும். அதனால் மீனுக்கு வெறும் நாளைச் சொன்னால் போதாது, டிகிரியையும் நாளையும் பெருக்கிச் சொல்ல வேண்டும், டிகிரி-நாள் என்பார்கள். 2001-ல் வந்து 2022 வரை நடப்பில் இருந்த ஐரோப்பியக் கால்நடை மருந்துச் சட்டத்தில், மீனுக்கென்று காத்திருப்புக் காலம், அதாவது மருந்தை நிறுத்தியதிலிருந்து பிடிக்கும்வரை விட வேண்டிய காலம், குறிக்காத மருந்தைக் கொடுத்தால் குறைந்தது 500 டிகிரி-நாள் விட வேண்டும் என்று வைத்தார்கள். உங்கள் குட்டைத் தண்ணீர் சராசரி 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 500-ஐ 28-ஆல் வகுக்க, 18 நாள். ஏழு நாளில் வருவது 196 தான். புரட்டாசி முதல் தேதி உங்களுக்குப் பதினாறாம் நாள், அப்போதும் 448 தான். அந்த 500-ம் குறைந்தபட்சக் கணக்கு, மெதுவாகக் கழியும் இந்த மருந்துக்கு நான் அதோடு நிறுத்த மாட்டேன்.

பக்கத்துக் காட்டுக்காரரின் டெர்ராமைசின், அதாவது ஆக்சிடெட்ராசைக்ளின், அது வேறு கதை. மீனுக்குப் பல நாடுகளில் அனுமதி உள்ள பழைய மருந்துதான், ஆனால் குடலில் உறிஞ்சப்படுவது ரொம்பக் குறைவு. டிரவுட் என்ற குளிர்நீர் மீனில் கொடுத்ததில் 5, 6 சதவீதம் ரத்தத்துக்குப் போனால் பெரிது, சாதா கெண்டையில் ஒரு சதவீதம்கூட இல்லை என்று அளந்திருக்கிறார்கள். காரணம் அதே சுண்ணாம்புச் சத்துதான், தீவனத்தில் இருக்கும் மீன்தூள், எலும்புத்தூள், மினரல் மிக்ஸர் எல்லாவற்றிலும் உள்ள கால்சியத்தோடு குடலிலேயே பிணைந்து, பெரும்பகுதி மாறாமல் அப்படியே சாணியாகக் குட்டை அடிக்குப் போய்விடும். மருந்து கலந்த தீவனத்தில் மினரல் மிக்ஸர் சேர்க்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான். உள்ளே போன அந்தக் கொஞ்சமும் எலும்பிலும் செதிலிலும் போய் ஒட்டிக்கொண்டு வெகுநாள் இருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் குஞ்சுகளுக்கு அடையாளம் வைக்க இந்த மருந்தைத்தான் பயன்படுத்துவார்கள், மாதக்கணக்கில் கழித்து எடுத்துப் புற ஊதா விளக்கில் பார்த்தால் எலும்பு மஞ்சளாக ஒளிரும். மீன் தலைக் குழம்பு வைத்து முள்ளைச் சப்பிச் சாப்பிடும் ஊர் நம்முடையது, யோசித்துக்கொள்ளுங்கள். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் மீனில் ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் வரம்பு. ஒன்றும் ஆகவில்லை என்றால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம் அண்ணா, இப்படிச் சொல்வதற்கு மன்னியுங்கள்.

நீங்கள் ஊற்றிய மருந்தின் வகையே இறால் பண்ணைகளுக்கான தடைப் பட்டியலில் இருக்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் என்ற மருந்துகள் இரண்டும் எந்த மீனுக்கும் எந்தக் காலத்திலும் கூடாது.

ஏற்காடு மிளகு எழுதியது:

தம்பி, அந்தப் பெண் சொல்லும் டிகிரி கணக்கை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காப்பித் தோட்டத்தில் ஊற்றுத் தண்ணீர் வந்து சேரும் ஒரு கல் தொட்டி இருக்கிறது, மேலே சில்வர் ஓக் நிழல், வெயில் மதியம் இரண்டு மணி நேரம் விழுந்தால் அதிகம். அதில் சாதா கெண்டையும் புல் கெண்டையும் விட்டிருக்கிறேன். போன கார்த்திகையில் கெண்டைக்கு வாலும் துடுப்பும் அழுகியது. கால்நடை டாக்டர் பார்த்து, தீவனத்தில் கலந்து ஆக்சிடெட்ராசைக்ளின் 10 நாள் கொடுக்கச் சொன்னார். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 21 நாள் நிறுத்தம் என்று படித்திருந்தேன், நானும் 21 நாள் எண்ணினேன். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் பொங்கலுக்கு மீன் கொடுப்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம், அதனால் மனசு கேட்காமல் ஒரு மீனைப் பனிக்கட்டி போட்டுச் சோதனைக்கு அனுப்பினேன். வரம்பைவிட அதிகம் என்று வந்தது. அந்தப் பொங்கலுக்குக் கீழே சேலத்தில் போய் வேறு மீன் வாங்கி வந்து கொடுத்தேன்.

அப்புறம்தான் தெர்மாமீட்டர் வாங்கினேன். காலை ஆறு மணிக்குப் பனியில் தொட்டிக் கரையில் குத்தவைத்து, கயிறு கட்டி ஒரு முழ ஆழத்துக்கு விட்டு, இரண்டு நிமிஷம் விரல் மரத்துப்போக வைத்திருந்து எடுத்தால் 15. மதியம் 19. சராசரி 17. இருபத்தோரு நாளில் 357 தான் ஆகியிருக்கிறது. அதே 21 நாள் கீழே உங்கள் குட்டையில் 588. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் கணக்கே மாறிவிடுகிறது, மருந்து, மீன், நாள் எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் சூடுதான் வேறு. நாற்பதாம் நாள் மறுபடி அனுப்பினேன், 680 ஆகியிருந்தது, வரம்புக்குள் வந்துவிட்டது.

நோட்டில் தினமும் காலையும் மாலையும் எழுதுங்கள் தம்பி. ஒரு பேனாவும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். மேகமூட்டமாக நாலு நாள் இருந்தால் உங்கள் ஊரிலேயே தண்ணீர் இரண்டு டிகிரி இறங்கும்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

ரொம்பப் பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது. மீனை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. புளிக்குழம்பில் அரைமணி நேரம் கொதிக்கிறது, எந்த மருந்தும் அந்தக் கொதியில் நிற்குமா? அவருக்கும் நஷ்டம் ஆகக் கூடாது இல்லையா?

மேட்டூர்க்காரி எழுதியது:

நஷ்டம் ஆகக் கூடாது என்பது எனக்கும்தான் கவலை. ஆனால் குழம்பு விஷயம் அப்படி இல்லை அண்ணா. ஆக்சிடெட்ராசைக்ளின் கொதியில் ஓரளவு சிதையும், முழுசாகப் போகாது. என்ரோஃப்ளாக்சசின் சூட்டைத் தாங்கும், அரைமணி நேரம் கொதித்தாலும் அசையாது. சதையில் குறைந்தது மாதிரித் தெரிந்தால் அது குழம்பில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், குழம்பை நாம் கொட்டுவதில்லை, மறுநாள் வைத்திருந்து இட்லிக்கு ஊற்றிச் சாப்பிடுகிறோம்.

ஒரு துண்டு மீனில் யாருக்கும் மயக்கம் வந்துவிடாது, உண்மைதான். நான் பயப்படுவது வேறு. குறைந்த அளவு மருந்தில் நனைந்தே கிடக்கும் குட்டையில், சாகாமல் தப்பிய கிருமிதான் பெருகும். ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா, சிவப்புப் புள்ளிக்கும் வயிறு வீக்கத்துக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம், நம் குளம் குட்டை எல்லாவற்றிலும் இயல்பாகவே இருப்பது. அடுத்த முறை அதற்கு இந்த மருந்து கேட்காது. அந்த எதிர்ப்புச் சக்தியை அது மற்ற பாக்டீரியாவுக்கும் கைமாற்றும், குட்டையில் கால் வைக்கும் மாடு, குளிக்கும் பிள்ளை, யாரிடம் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கருப்பூர் அண்ணன் கேட்டது தன் பிள்ளைகளை நினைத்துத்தான், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அண்ணா, உங்களுக்கு இன்னும் ஒன்று. மேல் தண்ணீரில் இருக்கும் மருந்தை வெயில் சிதைத்துவிடும், இந்த வகைக்கு வெயில் ஆகாது. ஆனால் சேற்றில் ஒட்டியதை வெயில் தொடாது, அது நீண்ட நாள் கிடக்கும். உங்களிடம் இருப்பதில் கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிருகால்தான் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். அதனால் சோதனைக்கு அனுப்பும்போது கட்லாவை அனுப்பாதீர்கள், மிருகாலை அனுப்புங்கள். அதில் இல்லை என்றால் மற்றதை நம்பலாம். குட்டைத் தண்ணீரை இப்போது ஓடையில் திறந்துவிடவும் வேண்டாம்.

அப்புறம் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கரையில் உடம்பைத் தேய்த்துத் துள்ளியது என்றீர்களே, துடுப்பு அடியிலும் செவுள் மூடி ஓரத்திலும் பார்த்தீர்களா? ஒரு மீனைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வட்டமாக, பச்சைப்பயறு அளவில் ஏதாவது நகர்கிறதா என்று. மீன் பேன். அது கடித்த இடத்தில்தான் சிவப்புப் புள்ளி வரும், அந்தப் புண் வழியாகத்தான் ஏரோமோனாஸ் உள்ளே போகும். பேனுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது, எவ்வளவு ஊற்றினாலும்.

நோய் வந்த மீனைச் செத்த பிறகு எடுத்துப் போகாதீர்கள். உயிரோடு, குட்டைத் தண்ணீரிலேயே, ஆக்சிஜன் பையில் போட்டு நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ காலையிலேயே கொண்டுபோய்க் கேளுங்கள், எங்கே பரிசோதிக்க முடியும் என்று அவர்கள் வழி சொல்வார்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று வளர்த்துப் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு தீவனத்தில் கலந்தால் போதும். அதுவும் மீன் தின்னும் நிலையில் இருந்தால்தான். உங்கள் 400 கிலோவுக்கு நாளுக்கு 8 கிலோ தீவனம் போடுகிறீர்கள் என்றால், அதில் பாதி மிச்சமானால் மருந்தும் பாதிதான் உள்ளே போகிறது. நோய் முற்றிய மீன் வாயே திறக்காது, அதற்கு மருந்துத் தீவனம் போட்டால் நல்ல மீன்தான் தின்னும்.

கருப்பூர் குட்டை எழுதியது:

நேற்று விடியற்காலையில் வலை போட்டு மூன்று மீன் பிடித்தோம். ரோகு ஒன்றைச் சாக்கில் சுற்றி என் மனைவி பிடித்துக்கொள்ள, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். மார்புத் துடுப்புக்கு அடியில் நாலு. நகத்தால் எடுத்தால் உள்ளங்கையில் சின்னச் சக்கரம் மாதிரிச் சுற்றுகிறது, இரண்டு கரும்புள்ளிக் கண்ணும் தெரிகிறது. எடுத்த இடத்தில் சிவந்த குழி. இரண்டாவது மீனில் ஏழு. தங்கச்சி சொன்னதேதான். இத்தனை நாள் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு கிழவர், எங்கள் ஊரில் ஏரி குத்தகை எடுத்தவர், மூங்கில் தட்டியைத் தண்ணீரில் நட்டுவைத்தால் பேன் அதில் வந்து முட்டை இடும், வாரம் ஒரு முறை எடுத்து வெயிலில் காயப்போடு என்கிறார். அது சரியா?

வியாபாரியிடம் மீன் இல்லை என்று சொல்லிவிட்டேன். காரணமும் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார், அப்புறம் ஐப்பசியில் பார்க்கலாம் என்றார்.

மேட்டூர்க்காரி எழுதியது:

மூங்கில் தட்டி ரொம்பச் சரி அண்ணா, அந்தப் பெரியவருக்கு என் வணக்கம் சொல்லுங்கள். பேன் கெட்டியான பரப்பில்தான் முட்டையை வரிசையாக ஒட்டும், மூங்கில், பலகை, கல், எதுவானாலும். எட்டுப் பத்துத் தட்டி நடுங்கள், வாரம் தவறாமல் எடுத்து நன்றாகக் காய வையுங்கள், குட்டைக்குள் இருக்கும் தேவையில்லாத கட்டை, கல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், அப்போதுதான் அது தட்டிக்கு வரும். பேனுக்கு மருந்து தேவைப்பட்டால் அதையும் டாக்டரைக் கேட்டே போடுங்கள், அதற்கும் தனியாகக் காத்திருப்புக் காலம் இருக்கிறது.

புரட்டாசி உங்களுக்கு நஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஊற்றிய நாளிலிருந்து ஐப்பசி முதல் தேதிக்கு 46 நாள் வரும், 28 டிகிரி என்றால் 1288. ஒரு மாதம் ஊரே வாங்காத நேரத்தில் மீன் குட்டையில் வளர்ந்துகொண்டுதான் இருக்கும், மருந்தும் கழிந்துகொண்டிருக்கும். ஆனால் கணக்கை நம்பி விற்காதீர்கள், மிருகாலைச் சோதித்துவிட்டு விற்றுவிடுங்கள். தோலோடு சேர்த்த சதையைப் பார்க்கச் சொல்லுங்கள், நம் ஊரில் தோலை உரித்துவிட்டு யாரும் சமைப்பதில்லை.

கருப்பூர் குட்டை எழுதியது:

சரி தங்கச்சி. தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன், இன்று காலை 27, சாயங்காலம் 30. பெரிய பெண் ஏழாவது படிக்கிறாள், அவள்தான் நோட்டில் கோடு போட்டு எழுதுகிறாள், பெருக்கிக் கூட்டுவதும் அவள் வேலை. தட்டி ஒன்பது நட்டாச்சு. காலி கேனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, மீனுக்கு 7 நாள் என்று இனி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், கேட்டுக்கொண்டார்கள். ஏற்காட்டு ஐயா, உங்களுக்கும் நன்றி. ஐப்பசி முதல் வாரம் இரண்டு மிருகால் பிடித்து அனுப்புகிறேன், முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.